பெட்டிக்கும் விலாசம் வேண்டும்!

ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருந்தால் என்ன ஆகும்? தபால்காரர் திண்டாடுவார். மணியார்டர் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே கதைதான்!

வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ரெயில் டிக்கெட் போன்றவற்றின் விவரங்கள் பெரிய சேமிப்புப் பெட்டிகளில் இருக்கின்றன. இந்தப் பெட்டிகளையும், விவரம் கேட்கும் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் கருவிக்கு "ஸ்விட்ச்" என்று பெயர். இது விளக்கு ஏற்றும் சுவிட்ச் அல்ல. ரெயிலைத் தண்டவாளம் மாற்றிவிடுகிறார்கள் அல்லவா? அதுபோன்ற வேலையைச் செய்வது.

இரண்டு விலாசங்கள்

இந்த ஸ்விட்சுக்கு இரண்டு விலாசங்கள் உண்டு.

ஒன்று, நிர்வாக விலாசம். அதில் 4 எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள் அமையும். ஊழியர் தம் நாற்காலியில் இருந்தபடியே ஸ்விட்சுடன் பேச இது உதவுகிறது.

மற்றொன்று, "டொமைன்" எண். ஸ்விட்சுகள் ஒன்றை ஒன்று அடையாளம் காண்பது இதனால்தான். 1 முதல் 239 வரை எந்த எண்ணும் கொடுக்கலாம்.

"புரோகேட்" ஸ்விட்சுகளில் பல, தொழிற்சாலையில் இருந்து 10.77.77.77 என்ற விலாசத்தோடு வருகின்றன. டொமைன் எண் 1. இவை தற்காலிகமானவை. வந்த அன்றே மாற்றிவிட வேண்டும். ஆனால், "ஓடுகிறதே, போதும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு!

ஆபத்து எங்கே?

நிர்வாக விலாசம் தப்பாக இருந்தாலும் தகவல் ஓட்டம் நிற்காது. அது கண்ணாடி இழை வழியாக வேறு பாதையில் போகிறது. ஆகவே, குற்றம் வெளியே தெரியாது. நடு இரவில் கோளாறு வந்து ஊழியர் கூப்பிடும்போதுதான் ஸ்விட்ச் பதில் சொல்லாது. நோயாளியின் சீட்டைக் கேட்டு டாக்டர் காத்திருப்பார்.

டொமைன் எண் விஷயமும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்விட்சுகளுக்கு ஒரே எண் இருந்தால், அவற்றை இணைத்தாலும் அவை சேராது. தனித்தனியாகவே நிற்கும். எண்ணை மாற்ற ஸ்விட்சை நிறுத்த வேண்டும். முதல் நாளில் சில நிமிட வேலை. பிறகு அதுவே பெரிய தொல்லை!

"விலாசத்தைத் தானாக வழங்கும் ஏற்பாடு இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். வந்து போகும் செல்போனுக்கு அது சரி. ஸ்விட்சுக்கு ஏற்றது அல்ல. விலாசம் வழங்கும் கம்ப்யூட்டரே அந்தச் சேமிப்புப் பெட்டியை நம்பி ஓடுவதாக இருக்கலாம். அப்போது பெட்டி நின்றால் விலாசமும் கிடைக்காது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும்!

செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் நிலையான தனி விலாசம் கொடுக்க வேண்டும். டொமைன் எண்ணும் தனியாக இருக்க வேண்டும். தொழிற்சாலை கொடுத்த ரகசியச் சொல்லை மாற்ற வேண்டும். விலாசங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டு கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தால் போதாது. காகிதத்திலும் இருக்க வேண்டும்.

இதற்குப் பணம் தேவை இல்லை. பொறுப்பு இருந்தால் போதும். வங்கியில் பணம் போட்டவரும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரும் அந்தப் பொறுப்பைத்தான் நம்பி இருக்கிறார்கள்.