அந்தியைத் தீட்ட வேண்டாம்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் எடுக்கப்படும் அந்திப் படங்கள் பலவற்றில் ஒரு விந்தையைக் காண்கிறேன். நீருக்கு அப்பால் நிற்கும் பனைகளைச் சுற்றி வெண்கோடு ஒன்று ஓடுகிறது. வானமோ உப்புத்தாளைப் போலச் சொரசொரத்துக் கிடக்கிறது. இவை ஏரியில் இருந்தவை அல்ல. பிற்தயாரிப்பில் வந்து சேர்ந்தவை.

கூர்மையாக்கல் புதிய விவரம் எதையும் தருவதில்லை. விளிம்பின் இருண்ட பக்கத்தை மேலும் இருளச் செய்து, ஒளிர்ந்த பக்கத்தை மேலும் வெளுக்கச் செய்கிறது, அவ்வளவே. 'அன்ஷார்ப் மாஸ்க்' என்னும் பெயரே இருட்டறைக் காலத்தது. மங்கலான பிரதியொன்றை நெகட்டிவ்வோடு சேர்த்து அச்சிட்ட முறை அது. அளவு மீறினால் வெளுப்பு ஒளிவட்டமாகிவிடும். வானத்தின் நுண்புள்ளிகளும் தடித்துவிடும்.

அந்தியில் கதிரொளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு எஞ்சுகிறது. பூந்தமல்லி, அம்பத்தூர்ப் பக்கத்துத் தூசியும் புகையும் காட்சியை மேலும் மங்கலாக்குகின்றன. அம்மங்கலை நீக்கிய படம் அழகாக இருக்கலாம். இவ்வூரின் மாலைக்கு அது சாட்சியாகாது.

கூர்மையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்தை இறுதி அளவுக்குக் குறைத்தபின், கடைசி வேலையாக அதைச் செய்யலாம். ஆரம் ஒரு பிக்சலைத் தாண்ட வேண்டாம். வானத்தை மாஸ்க் இட்டு விலக்கி, பனைக்கும் கரைக்கும் மட்டும் கொடுத்தால் போதும். பிறகு 100 விழுக்காட்டில் பாருங்கள். வெண்கோடு தெரிந்தால் அளவைப் பாதியாக்குங்கள். கை நடுங்கிக் கலங்கிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. அதற்கு முக்காலிதான் மருந்து.