சிரிப்பவருக்கு அரசியல் தெரியாதா?

கேலிப்படத்திலும் நையாண்டி வீடியோவிலும் அரசியல் கற்கும் தலைமுறை உருப்படாது என்ற பேச்சு பட்டிமன்ற மேடையிலும் தலையங்கங்களிலும் கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் அடிக்கடி கேட்கிறது. சொல்பவர்களில் பலர் நாட்டின் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள். அதனாலேயே அவர்கள் வாதத்தைக் கடந்து போய்விடாமல் ஒவ்வொரு கூறாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்சியாளர் நேற்றுச் சொன்னது ஒரு நாள் செய்தி, இன்று செய்வது இன்னொரு நாள் செய்தி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் உள்ள பள்ளத்தைக் காட்டுவது நையாண்டியின் வேலை. குடிமக்களுக்கு மிகவும் வேண்டிய பயிற்சி அது.

1. "செய்தி படிக்காதவர்கள்தான் இதைப் பார்க்கிறார்கள்"

செய்தி தெரியாமல் அரசியல் கேலிக்குச் சிரிக்க முடியாது. நாடகாசிரியர் சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகம் 1968இல் மேடையேறியது. அதற்கு முந்தைய ஆண்டு ஹரியாணாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறியிருந்தார். வடமாநிலங்களில் அமைச்சரவைகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்தன. நாடகத்தில் பிரதமராகிவிடும் துக்ளக், தன் பக்கம் தாவி வருகிற எல்லோரையும் துணைப் பிரதமர் ஆக்குகிறார். நடப்பு தெரிந்தவருக்குத்தான் அந்தக் காட்சி முழுதாகப் புரியும். புரிந்தவருக்கு, நாளிதழ்களில் துண்டு துண்டாகப் படித்ததெல்லாம் ஒரே இடத்தில் திரண்டு நிற்கும். கட்சித் தாவலைத் தடுக்க அரசமைப்புச் சட்டத்தின் 52ஆவது திருத்தம் வந்தது 1985இல். அந்த நோயை மேடை 17 ஆண்டுகள் முன்பே பெயர் சொல்லிக் காட்டிவிட்டது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2007இல் நடப்புச் செய்திகள் பற்றிய கேள்விகளை மக்களிடம் கேட்டது. ஜான் ஸ்டூவர்ட், ஸ்டீபன் கோல்பேர் ஆகியோரின் நையாண்டி நிகழ்ச்சிகளைத் தவறாமல் பார்த்தவர்களில் 54 சதவீதத்தினர் அதிகம் அறிந்தோர் வரிசையில் வந்தார்கள். பெரிய நாளிதழ்களின் இணையதளங்களைப் படிப்போரும் அதே 54 சதவீதம்தான். நையாண்டிதான் இவர்களை அறிவாளி ஆக்கியது என்று இதைக் காட்டி நான் வாதிட மாட்டேன். விவரம் தெரிந்தவர்களே அங்கே போயிருக்கலாம். ஆனால் பார்ப்பவர்கள் செய்தி தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டு இந்தக் கணக்கின் முன் நிற்காது.

2. "கேலி ஆளைத்தான் தொடும், அமைப்பை விளக்காது"

1975 டிசம்பர் 10 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸில் கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் வரைந்த படம் இதற்கு முழுமையான பதில். நெருக்கடி நிலைக் காலம். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் படுத்தபடியே கையெழுத்திட்டு, கதவிடுக்கு வழியாகத் தாளை நீட்டுகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல் என்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மனிதரைப் பற்றிய கிண்டல். ஆனால் படம் கேட்ட கேள்வி அரசமைப்பைப் பற்றியது. கையெழுத்திடும் பதவிக்கு யோசிக்கும் அதிகாரம் உண்டா? 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டபோது மத்திய அமைச்சரவை கூடியிருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அமைச்சர்களுக்குச் சொல்லப்பட்டது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் இந்த ஓட்டைகளை அடைத்தது. அமைச்சரவை முடிவு எழுத்துமூலம் வந்தால்தான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யலாம். அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனைக்காக ஒருமுறை திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் கிடைத்தது. படத்தால்தான் திருத்தம் வந்தது என்று சொல்லவில்லை. எந்த இடத்தில் அமைப்பு உளுத்துப்போயிருந்தது என்பதை, தணிக்கை நடந்த நாட்களிலேயே, ஒரு தொட்டியும் ஒரு கதவும் வரைந்து காட்டிவிட்டார் அபு.

கோல்பேர் செய்தது இதைவிட நுணுக்கமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பெருநிறுவனங்கள் தேர்தலில் வரம்பின்றிப் பணம் இறக்க வழி திறந்தது. சட்டமொழியில் கிடந்த அந்த விஷயம் பொதுமக்களுக்குப் பிடிபடவில்லை. கோல்பேர் 2011இல் 'சூப்பர் பேக்' என்ற தேர்தல் நிதி அமைப்பு ஒன்றை உண்மையிலேயே பதிவுசெய்தார். தேர்தல் ஆணையத்தின் முன்னாள் தலைவர் ட்ரெவர் பாட்டரை வழக்கறிஞராக அருகில் உட்காரவைத்து, எந்தப் படிவத்தில் எழுதினால் கொடையாளியின் பெயரை மறைக்கலாம் என்று நிகழ்ச்சியிலேயே கேட்டுக் கேட்டுச் செய்தார். 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தேர்தல் நிதி விதிகளைப் பற்றி மற்றச் செய்தி ஊடகங்களைவிட இந்தத் தொடர் பார்வையாளருக்கு அதிகம் கற்பித்தது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனென்பெர்க் மைய ஆய்வு 2014இல் சொன்னது.

நம் நாட்டில், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாமலே தேர்தல்கள் நடந்து முடிந்தன. அந்தத் திட்டத்தின் உள்விவரத்தைப் படிவம் படிவமாகப் பிரித்துச் சிரிக்கவைத்துச் சொல்ல நமக்கு ஒரு கோல்பேர் இருந்திருக்க வேண்டும் என்று ஏங்குகிறேன்.

3. "சிரித்தால் கோபம் வடிந்துவிடும்"

எதிர்த்தரப்பின் ஐந்து வாதங்களில் வலுவானது இதுதான். பாம்கார்ட்னர், மோரிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்டூவர்ட்டின் நிகழ்ச்சியைப் பார்த்த இளைஞர்களுக்குத் தேர்தல் முறையிலும் ஊடகங்களிலும் நம்பிக்கை குறைந்தது என்று கண்டது. எதிர்த்தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு இது. அதே ஆய்வின் இன்னொரு முடிவை அவர்கள் சொல்வதில்லை. அதே இளைஞர்களுக்கு, அரசியலைத் தங்களால் புரிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. தலைவர்கள் மீது சந்தேகமும் தன் அறிவின் மீது நம்பிக்கையும் சேர்ந்து வளர்ந்தால், அந்தக் குடிமகனை நான் அலட்சியக்காரன் என்று சொல்லமாட்டேன்.

சிரிப்பு செயலாக மாறியதை இந்தியாவே பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரலில் இணையச் சமத்துவம் பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நீண்ட ஆலோசனை அறிக்கை ஒன்றின் மீது கருத்துக் கேட்டிருந்தது. படித்து முடிக்கவே பொறுமை வேண்டும். ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு அதைச் சில நிமிட வீடியோவாக்கி, எங்கே எழுத வேண்டும் என்றும் சொன்னது. தன்னார்வலர்களின் இயக்கமும் சேர்ந்துகொள்ள, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரியில், இணையதளத்துக்கு இணையதளம் வேறுவேறு கட்டணம் வசூலிப்பதை டிராய் தடைசெய்தது.

கேலி கோபத்தை வடியவிடும் வடிகால் என்றால் ஆட்சியாளர்கள் அதை வளர்க்க அல்லவா வேண்டும்? தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். நடிகர் எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்த காலத்தில், 1954இல், நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எழுத்துப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டும் நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு சிரிப்புத் துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பி சில நாட்களில் விடுதலையானார். அந்தத் தண்டனை தவறு என்று 1994இல் உயர் நீதிமன்றம் சொன்னது. டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காகப் பாடகர் கோவன் மீது 2015இல் தேசத்துரோக வழக்கே பாய்ந்தது. 2025 பிப்ரவரியில் பிரதமரைக் கைவிலங்குடன் காட்டிய ஒரு படத்துக்காக விகடன் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய நாட்கள் அவை. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, கேலியைக் கண்ட பயம் மாறவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு நையாண்டியின் வலிமை நம் விமர்சகர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது.

4. "எல்லாம் ஒரு பக்கச் சார்பு"

சார்பு உண்டு. ராதா திராவிட இயக்கத்துக்காரர் என்பதையும், சோ அதன் கடும் விமர்சகர் என்பதையும் டிக்கெட் எடுத்து உள்ளே போன எல்லோரும் அறிவார்கள். யார் பேசுகிறார், எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பது வெளிப்படையாக இருந்தால் கேட்பவர் தன் பங்குக்கு எடை போட்டுக்கொள்வார். எந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போடுவது, எதை உள்பக்கத்தின் மூலையில் ஒதுக்குவது என்று மௌனமாக முடிவெடுக்கிற சார்பைத்தான் கண்டுபிடிப்பது கடினம்.

நையாண்டி ஆளையே மாற்றிவிடும், மூளைச்சலவை செய்துவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் குறைவு. கோல்பேர் தீவிர வலதுசாரி போல நடித்துத்தான் வலதுசாரிகளைக் கேலி செய்தார். 2009இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது என்ன? பழமைவாதப் பார்வையாளர்களில் பலர், அவர் மனதிலும் தங்கள் கருத்துதான் இருக்கிறது என்று எண்ணினார்கள். கேலி ஒருவரின் கட்சியை எளிதில் மாற்றாது. அது அதன் எல்லை. அந்த எல்லையை நானும் ஏற்கிறேன். கத்தரித்து, தேதியில்லாமல், யார் செய்தது என்ற பெயரில்லாமல் சுற்றும் மீம்களை நம்பக் கூடாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் பெயரும் தேதியும் இல்லாத செய்தித் துணுக்கையும் அதே காரணத்துக்காக நம்பக் கூடாது.

5. "துயரத்தையும் கண்ணியத்தையும் கொச்சைப்படுத்துகிறது"

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாமல், ஒரு குடும்பமே தீக்குளித்து மடிந்தது. இரண்டு குழந்தைகளும் அதில் உண்டு. கார்ட்டூனிஸ்ட் பாலா அதை வரைந்தார். எரியும் குழந்தையின் அருகே முதல்வர், ஆட்சியர், காவல்துறை உயரதிகாரி மூவரும் ஆடையின்றி, ரூபாய் நோட்டால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஆபாசம் என்று சொல்லி நவம்பரில் அவரைக் கைது செய்தார்கள். அந்தப் படம் இறந்தவர்களைக் கேலி செய்யவில்லை. மனுக்களை வாங்கிவைத்துக்கொண்டு சும்மா இருந்தவர்களை நோக்கி விரல் நீட்டியது. கண்ணியம் கெட்டது படத்திலா, நிர்வாகத்திலா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

கோடு எங்கே என்பதில் எனக்குக் குழப்பமில்லை. உடலை, நிறத்தை, சாதியை, பெண்களைச் சீண்டிச் சிரிக்கவைப்பது அரசியல் நையாண்டி ஆகாது. நம் தொலைக்காட்சிகளில் அது நிறையவே நடக்கிறது, கண்டிக்கத்தான் வேண்டும். பதில் சொல்லக் கடமைப்பட்ட பதவியைக் கேள்வி கேட்பது வேறு.

நமக்கே வலிக்கிற கேலியிலும் இந்த நியாயம் மாறக் கூடாது. 2012இல் என்சிஇஆர்டி பாடநூலில் இருந்த ஆர்.கே. லட்சுமணின் பழைய படம் ஒன்று, இந்தித் திணிப்பை எதிர்த்த மாணவர்களை இழிவுபடுத்துகிறது என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் கொதித்தன, நீக்கும்படி கோரின. அந்தப் படம் 1965இன் போராட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் அது பாடநூலில் இருக்க வேண்டியதுதான். தமிழ் மாணவர் ஒருவர் வகுப்பில் எழுந்து, இந்தப் படம் எங்கே பிழை என்று ஆதாரத்தோடு மறுத்துப் பேசியிருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் இந்தியா முழுவதும் மொழிப்போராட்டத்தைக் கற்றிருக்கும். நீக்கினால் பக்கம் காலியாகும், பாடமும் போய்விடும்.

1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டு, தமிழ் இதழியலில் அதற்கு வழி திறந்தார். அடிமைப்பட்ட நாட்டின் நிலையை விளக்க அவருக்கு அது சிறிய கருவியாகத் தோன்றவில்லை. நமக்கும் தோன்ற வேண்டியதில்லை. பள்ளிகளில் குடிமையியல் பாடத்தோடு வாரம் ஒரு கேலிப்படத்தை வையுங்கள். இதன் பின்னால் உள்ள செய்தி எது, யார் என்ன வாக்குக் கொடுத்தார், என்ன செய்தார், படம் எதை விட்டுவிட்டது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அந்த நான்கு கேள்விக்கும் விடை தேடிப் பழகியவரை எந்த மேடைப் பேச்சாலும் எளிதில் ஏமாற்ற முடியாது. சிரிக்கத் தெரிந்த வாக்காளரைக் கண்டு கவலைப்பட வேண்டியவர்கள் கணக்குக் காட்டாமல் ஆள நினைப்பவர்கள் மட்டுமே.