அட்டை எண்ணும் பட்டுக்கடையும்

காஞ்சிபுரம் காந்தி சாலைக் கடைகளில் முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பத்தார், கோர்வைக் கரையையும் ஜரிகையின் தரத்தையும் அரைநாள் ஆராய்ந்து, விலையில் ஐம்பது நூறு குறைக்கச் சொல்லி மன்றாடி, இறுதியில் கல்லாவில் இருப்பவரிடம் வங்கி அட்டையை நீட்டும்போது மட்டும் ஏனோ ஒரு விநாடியும் யோசிப்பதில்லை. புடவை ஏழாயிரமோ எழுபதாயிரமோ, பேரம் அதோடு முடிந்துவிட்டது என்பது அவர்கள் நினைப்பு.

அட்டையின் எண் வெறும் எண்ணன்று. கடையின் இணையதளத்தில் அதன் முற்பகுதியை அடித்தவுடனே ரூபே என்றோ விசா என்றோ சின்னம் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். முதல் ஆறு இலக்கங்கள், அண்மைக்கால ஏற்பாட்டில் எட்டு இலக்கங்கள், அட்டையை வழங்கிய நிறுவனத்தைக் குறிப்பவை. அவற்றைக் கொடுத்து, ஏ.பி.ஐ. எனப்படும் இணைய வாயில் வழியாக ஒரு நிரல் கேட்டால், எந்த வங்கி, எந்த தேசம், கடன் அட்டையா பற்று அட்டையா என்ற விவரங்கள் இமைப்பொழுதில் வந்து சேருகின்றன. கடைசி இலக்கமோ, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த கணக்கின்படி, எண்ணைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுப்பதற்காக வைக்கப்பட்டது. வியாபாரம் நடக்க இவ்வளவு விசாரணை அவசியமே. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபமெல்லாம், கேட்டறிந்ததைச் சேமித்து வைப்பதில்தான். அட்டையின் முழு எண்ணைக் கடைக்காரர்கள் வைத்திருக்கலாகாது என்ற ரிசர்வ் வங்கியின் கட்டளை, வியாபாரிகளின் வேண்டுகோளுக்கிணங்கப் பன்முறை ஒத்திவைக்கப்பட்டு, 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைசி நான்கு இலக்கங்களும் வங்கியின் பெயரும் மட்டும் கணக்குச் சரிபார்ப்புக்காக அனுமதிக்கப்பட்டன. முழு எண்ணுக்குப் பதிலாக, அந்தக் கடைக்கென்றே வழங்கப்படும் 'டோக்கன்' என்னும் மாற்று எண் வந்தது. அதைத் திருடியவன் வேறு கடையில் செலவழிக்க முடியாது. தாமதமாக வந்தாலும் தக்க ஏற்பாடு என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும், வெளியூரிலிருந்து வாட்ஸ்அப்பில் புடவை தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளரிடம், "கார்டு போட்டோ அனுப்புங்கம்மா, நாங்களே போட்டுக்கறோம்" என்று ஒரு கடைச் சிப்பந்தி அன்போடு சொல்லிவிட்டால், இத்தனை பாதுகாப்பும் வீணாகிவிடுகிறது: எண்ணும், காலாவதித் தேதியும், பின்புறத்து மூன்று இலக்கங்களும் அந்தச் சிப்பந்தியின் கைபேசியில், குழந்தையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே, கேட்பாரின்றிக் கிடக்கும். பணம் பெறுவதற்கான இணைப்பை அனுப்பினால் ஆகாதா? கடை முதலாளிகள் இவ்வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும்.

இன்னொரு விஷயம். எந்தெந்த வியாபாரிகளிடம் நம் அட்டைக்குரிய டோக்கன் இருக்கிறது என்பதை நாமே பார்க்கவும், வேண்டாததை நீக்கவும் வசதி செய்து தருவது அட்டை வழங்கிய வங்கியின் கடமையென்று ரிசர்வ் வங்கியின் அதே விதிகள் கூறுகின்றன. நம் அட்டையைப் பற்றிப் பிறர் நொடியில் அறிய வாயில் திறந்திருக்க, உரியவரோ அந்தப் பட்டியலைச் செயலியின் ஏதோ மூலையில் தேட வேண்டியிருப்பது நியாயமன்று. வங்கிகள் அதைத் தமிழில், முகப்பிலேயே காட்டட்டும். அதுவரை வாசகர்கள் தாமே தேடிப் பார்த்து, மறந்துபோன கடைகளை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அறியாத செலவொன்று கணக்கில் தென்பட்டால், உடனே வங்கிக்குத் தெரிவித்துவிட்டு இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் அழையுங்கள்.