இலகுவான வேலை என்போருக்கு

மனிதகுலம் செய்த வேலைகளுள் மிகக் கடினமானது யாது என வினவினால், கற்றோர் பலர் எகிப்தியப் பிரமிட்டுகளையும் பனாமாக் கால்வாயையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் சுட்டுவர். அவை கடினமானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அதே கற்றோர், தாம் நாள்தோறும் அருந்தும் தேநீருக்குக் கொழுந்து பறிக்கும் வேலையை இலகுவானது என்றும், பெண்களின் விரல்களுக்கு இயல்பாய் அமைந்தது என்றும் கூறத் தயங்குவதில்லை. இக்கூற்று வெறும் அறியாமையன்று. கூலியைக் குறைப்பதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட நியாயம் என்பதே எமது வாதம்.

அவ்வேலை எத்தகையது? விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு வரும் பெண், இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டு செங்குத்தான சரிவில் ஏறுகிறாள். கூடையின் கயிறு தலையில் அழுந்துகிறது. பறிக்கப் பறிக்கப் பாரம் கூடுகிறது. மழையும் குளிரும் அட்டையும் வேலையை நிறுத்துவதில்லை. முற்றிய இலையை விலக்கி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து கிள்ளவேண்டும். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கேட்கப்படுகிறது. ஒரு தளிரின் நிறை ஒரு கிராம் எனக் கொள்வோமாயின், அது 18,000 தளிர்கள். எட்டு மணித்தியாலம் இடையறாது பறித்தாலும் ஒரு தளிருக்கு இரண்டு வினாடியேனும் கிடையாது. தராசடியிலோ ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிவு. நிறை குறைந்தால் அரைப்பேர். லயத்துக்குத் திரும்பியதும் விறகும் தண்ணீரும் அடுப்புமாக அவளது இரண்டாவது வேலைநாள் தொடங்குகிறது.

1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரை வரலாறு பெயர் சொல்லிப் போற்றுகிறது. அதற்கு முன்னரே, கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோருக்குப் பெயரில்லை. எஞ்சியோரின் சந்ததியினரை 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் தலைக்கணக்கிட்டுப் பங்கிட்டது.

இவ்வாறு குரலிழந்த மக்களிடையே பெண்ணின் நாட்சம்பளம் ஆணினதிலும் குறைவாயிருந்தது. அவளது வேலை இலகு என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். 1984 இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், சம்பளம் சமமாயிற்று. அவ்வாண்டில் மலை உயர்ந்ததா? கூடையின் பாரம் கூடியதா? இல்லை. ஒன்றுபட்ட தொழிலாளரின் பலமே கூடியது. வேலையின் கடினத்தைக் கூலி அளப்பதில்லை என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

இது தேர்ச்சியற்ற உழைப்பு என்பர் சிலர். கொழுந்தின் தரமே தேயிலையின் தரம் என்பதை அறிந்த தொழிற்சாலையார் அவ்வாறு நம்புவதில்லை. கூடிய கூலி தொழிலை அழித்துவிடும் என்பர் வேறு சிலர். 2021 இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளியானபோது, தோட்டக் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. இவர்களை ஒன்று கேட்கிறோம்: வேலை இத்துணை இலகுவானதாயின், தோட்டத்து இளைஞர் அதனைக் கைவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குச் செல்வது ஏன்?

இறுதியாக, எம்மவர்க்கும் ஒரு சொல். "தோட்டக்காட்டான்" என்னும் இழிசொல்லை வெள்ளைத்துரை படைக்கவில்லை. தமிழ் பேசும் நாமே படைத்தோம். தமிழின் பெருமையை மேடைதோறும் முழங்கும் நாம், அச்சொல்லை எம் வீடுகளிலிருந்து அகற்றினோமா? அகற்றாதவரை, சுரண்டுவோரின் தராசில் எமது கையும் அழுந்தியே இருக்கும். கொழுந்து பறித்தல் இலகு என்போர் ஒரே ஒரு நாள் அக்கூடையைத் தலையில் தாங்கிச் சரிவில் நிற்கட்டும். மாலையில், கை நடுங்காது பேனாவைப் பிடிக்க இயலுமாயின், மறுபடி எழுதட்டும்.