குற்றம் உணர்ந்த கொற்றவன்

கரும்பலகையில் நாம் எழுதிய கணக்கிற் பிழையொன்று இருப்பதாக மாணவனொருவன் எழுந்து கூறுகின்றான். அவன் கூற்று மெய்யென்று நம் உள்ளம் அறிகின்றது; ஆயினும் முகம் சிவக்கின்றது. இருபது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தும் இக்குறை நம்மை விட்டு முற்றாக நீங்கவில்லை. அவ்வேளைகளில் யூதா நாட்டு அரசன் யோசியாவை நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

விவிலியம் கூறும் வரலாறு இது. தந்தை ஆமோன் தன் ஊழியராற் கொலையுண்டமையால், யோசியா 8 வயதிலே அரியணை ஏறினான். பாட்டன் மனாசேயும் தந்தையும் நெறி தவறி ஆண்டவர்கள். அவ்வழியே அவனும் சென்றிருப்பின் எவரும் வியந்திரார்.

அவன் ஆட்சியின் 18ஆம் ஆண்டில், ஏறக்குறைய கி. மு. 622இல், எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணி நடந்தது. அங்கே மறக்கப்பட்டுக் கிடந்த நியாயப்பிரமாண நூலைத் தலைமைக் குரு இல்க்கியா கண்டெடுத்தார். எழுத்தர் சாப்பான் அதனை அரசன் முன் வாசித்தார். நாடு முழுவதும் அந்நெறியினின்று வழுவியிருப்பதை உணர்ந்த அவ்விளைஞன், வாசித்தவரைச் சினந்தானல்லன். முன்னோர் செய்த பிழைதானே என்று வாளாவிருந்தானுமல்லன். தன் ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதான். உல்தாள் என்னும் பெண் தீர்க்கதரிசியிடம் ஆளனுப்பி வழி கேட்டான்.

வந்த மறுமொழியோ கடியது. நாட்டுக்கு அழிவு நிச்சயம். ஆயினும் மனம் இளகித் தன்னைத் தாழ்த்தியமையால், அவன் கண்கள் அதனைக் காணா. நம் காலத்தின் பின்னர்தானே என்று அவன் ஓய்ந்திருக்கலாம். அவனோ சிறியோர் பெரியோர் யாவரையும் ஆலயத்திற் கூட்டி, அவர்கள் கேட்க அந்நூலை வாசித்து, அதன்படி ஒழுகுவதாக முதலில் தானே உறுதி பூண்டான். அப்பொழுது அவனுக்கு வயது 26.

அவன் மறைந்து கால் நூற்றாண்டு கழியுமுன் எருசலேம் பாபிலோனியரால் அழிந்தது. எனினும் அவன் முயற்சி வீணென்று கூறுவார் யார்? அழிவு தவிராதென அறிந்தும் கடமையைக் கைவிடாமையன்றோ ஒழுக்கத்தின் உரைகல்!

பிள்ளைகளின் புள்ளிகளைப் பற்றி நம்மிடம் உசாவும் பெற்றோர் பலர். தவற்றைச் சுட்டினால் ஏற்கின்றானா என்று கேட்போர் மிகச் சிலரே. ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தமை முடிமன்னர்க்கு மட்டுமன்று. வீட்டிலும் வகுப்பிலும் வளரும் நாளைய தலைவர்க்கும் அது உரியதே. ஆயினும் இப்பண்பைப் பிள்ளைகள் ஏட்டிற் கற்பதில்லை. நம் முகத்தைப் பார்த்தே கற்கின்றனர். ஆதலின், அடுத்த முறை பிழை காட்டும் மாணவனுக்கு நன்றி கூறிய பின்னரே கரும்பலகையைத் துடைப்போமாக.