பழைய வேனில் முன் கண்ணாடி ஒழுகுகிறது... என்ன செய்யலாம்?

“எங்களிடம் 2007-ம் ஆண்டு வாங்கிய ஆம்னி வேன் இருக்கிறது. கத்திரி, வெண்டை, கீரை எல்லாவற்றையும் அதில்தான் உழவர் சந்தைக்கு ஏற்றிச் செல்கிறோம். மழை பெய்தால் முன் கண்ணாடியின் இடது மூலையில் தண்ணீர் இறங்கி, கால் வைக்கும் இடத்தில் தேங்கிவிடுகிறது. அங்கே வைத்திருந்த விதை உளுந்துப் பை நனைந்து முளைத்துவிட்டது. போன வாரம் விடியற்காலையில் போகும்போது ஹெட்லைட் அணைந்து அணைந்து எரிந்தது. எம்-சீல், தார் எல்லாம் பூசியும் நிற்கவில்லை. வண்டியையே மாற்றிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிசெய்ய வழி உண்டா?”

- வாசகி, செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.

வழி உண்டு. கண்ணாடி ஒழுகுவதற்காக வண்டியை மாற்றத் தேவையில்லை. ஆனால், ஹெட்லைட் அணைந்து எரிவதைச் சாதாரணமாக விடக் கூடாது. டேஷ்போர்டுக்கு அடியில்தான் ஒயர்களும் ஃபியூஸ்களும் இருக்கின்றன. அங்கே ஈரம் இறங்கினால் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். ஷார்ட் சர்க்யூட் ஆகவும் வாய்ப்புண்டு. அதனால், முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் பெட்டியைத் துடைத்து நன்றாகக் காயவையுங்கள். பச்சை பூத்த இணைப்புகளை எலெக்ட்ரீஷியனிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு ஒழுகலைத் தேடலாம்.

1984-ம் ஆண்டு மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 2019 வரை தயாரான வண்டி ஆம்னி. இதன் முன் கண்ணாடி, இப்போதைய கார்களைப்போலப் பசையால் ஒட்டப்பட்டது அல்ல. சுற்றிலும் ஒரு ரப்பர் பீடிங் இருக்கும். அதன் ஒரு பள்ளத்தில் கண்ணாடியும் மற்றொரு பள்ளத்தில் பாடியின் தகர விளிம்பும் உட்கார்ந்திருக்கும். பல வருடம் வெயில்பட்டால் இந்த ரப்பர் இறுகி, சுருங்கி, மூலைகளில் வெடித்துவிடும். எம்-சீல் காய்ந்ததும் கல்லாகிவிடும். வண்டி ஓடும்போது பாடி லேசாக அசையும்; ரப்பரும் கூடவே அசையும். கல்லானது அசையாமல் விரிசல் விடும். உங்கள் வண்டியில் அது நிற்காததற்குக் காரணம் இதுதான்.

எங்கே நுழைகிறது?

தண்ணீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. வெயில் நாளில் இரண்டு பேர் சேர்ந்து சோதித்தால், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடியின் உள்பக்கம், ரப்பர் ஓரம் முழுக்கக் கோலமாவைத் தூவிவிடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச் லைட்டுடன் உட்கார வேண்டும். மற்றவர் வெளியிலிருந்து ஓஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் கண்ணாடியின் அடி ஓரம், பிறகு பக்கவாட்டு ஓரங்கள், அடுத்து மேல் ஓரம், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது விடுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது. தண்ணீர் வந்த தடம் கோலமாவில் கோடாகத் தெரியும்.

கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் வரவில்லை என்றால், இந்த மூன்று இடங்களைப் பாருங்கள். கூரையின் பக்கவாட்டில் ஓடும் மழைநீர்க் காலில் கேரியரை இறுக்கியிருந்தால், கிளாம்ப் அழுத்திய இடத்தில் பெயின்ட் போய், தகர இணைப்பு திறந்திருக்கும். அங்கே நுழையும் தண்ணீர் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் வழியாக இறங்கி, சரியாக மூலையில் சொட்டும். அடுத்தது, வைப்பர் தண்டு வெளியே வரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வாஷர். மூன்றாவது, கதவு ரப்பர். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால், ரப்பர் அந்த இடத்தில் அழுத்தவில்லை என்று அர்த்தம்.

ரப்பர் நன்றாக இருந்தால்...

ரப்பர் மிருதுவாக, வெடிப்பு இல்லாமல் இருந்தால் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். பழைய தார், எம்-சீல் அனைத்தையும் மரச்சில்லால் சுரண்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தின்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. ரப்பரின் உதட்டை மூங்கில் சில்லால் லேசாகத் தூக்கி, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவிலும் வின்ட்ஷீல்டு சீலன்ட்டைச் செலுத்துங்கள். ஆட்டோமொபைல் கடைகளில், ‘கண்ணாடி பீடிங்குக்குப் போடும், இறுகாத சீலன்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். பாத்ரூமுக்குப் பூசும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் அமிலம் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். டியூப்பில் சொன்ன நேரம் காய்ந்த பிறகு, மறுபடியும் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

ரப்பர் இறுகியிருந்தால்...

நகத்தால் அழுத்தினால் உள்ளே போகாத ரப்பருக்கு சீலன்ட் பூசுவது வீண். புதிய பீடிங்தான் போட வேண்டும். பழகிய கண்ணாடி வேலைக்காரரிடம் கொடுப்பது நல்லது. ஆனால், வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடியை எடுத்ததும் தகர விளிம்பைப் பாருங்கள். மேலாகத் துரு இருந்தால், உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, முழுவதும் காய்ந்த பிறகே புது ரப்பரைப் போட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ஓட்டை விழுகிறது என்றால், டிங்கர் பட்டறையில் அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டி வைத்து மூடினால், அடியில் துரு தொடர்ந்து அரிக்கும்.

புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, வெளிப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதிப்பார்கள். கயிற்றின் இரு முனைகளும் அடிப்பக்க நடுவில் வண்டிக்குள் தொங்கும். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க, ரப்பர் உதடு தகரத்தின்மேல் ஏறி உட்காரும். கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் தடவ விடாதீர்கள். ரப்பர் உப்பிப் பாழாகும். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. ஓரத்தில் ஈரம் புகுந்தால் வெள்ளை படரும். அதைச் சரிசெய்ய முடியாது. வெள்ளை பார்வையை மறைக்கும் அளவுக்கு வந்திருந்தால், கண்ணாடியையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஒரே வேலையில் முடியும்.

ஒழுகல் நின்றதும் தரை மேட்டை எடுத்து, அடியில் இருக்கும் விரிப்பையும் வெயிலில் காயவையுங்கள். ஈரம் தங்கினால் தரைத் தகரம் அடியிலிருந்து அரிக்கும். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்த பிறகு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சோதனையில் துருப்பிடித்த தரையும் மங்கிய கண்ணாடியும் சிக்கலாகிவிடும்.

உளுந்து விஷயத்துக்கு வருவோம். முளைவிட்டவை விதைக்கு உதவாது. பூஞ்சணம் இல்லாமல் இருந்தால் மாட்டுக்குப் போடலாம். முளைக்காதவற்றை நிழலில் உலர்த்தி, 100 விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி, தினமும் தண்ணீர் தெளித்து ஏழு நாள் வையுங்கள். சான்று பெற்ற உளுந்து விதைக்குக் குறைந்தது 75 சதவிகித முளைப்பு வேண்டும். 75-க்குக் குறைவாக முளைத்தால், மீதியைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, புது விதை வாங்கி விதையுங்கள். சந்தேக விதையை நம்பி ஒரு பட்டத்தை இழக்க வேண்டாம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். பெயின்ட்டும் சீலன்ட்டும் காய, நல்ல வெயில் வேண்டும்.