வெறும் நிலம் என்று ஒன்று உண்டா?

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் எங்கள் பள்ளி வளாகத்தில் மரக்கன்று நடுகிறோம். மரம் நடுவது நன்மை, வெட்டுவது தீமை என்பது முதல் வகுப்பிலிருந்தே நாங்கள் கற்ற பாடம். ஆனால், மரம் நட்டதாலேயே ஒரு மலை நலிந்தது என்றால் நம்புவீர்களா? சென்ற ஆண்டு உதகமண்டலத்திற்குச் சுற்றுலா சென்ற நாங்களும் முதலில் நம்பவில்லை.

பேருந்து மலையேறி உதகையை நெருங்கியபோது வானளாவ நின்ற தைல மரங்களையும், வாட்டில் எனப்படும் சீகை மரங்களையும் கண்டு, "என்ன அழகான காடு!" என்று வியந்தோம். உடன் வந்த சிஸ்டர், "இவை இந்த மண்ணின் பிள்ளைகள் அல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை" என்றார். அன்று தொடங்கியது எங்கள் சிந்தனை.

நீலகிரியின் மேற்கு ஓரத்தில், 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. நம் மாநில விலங்காகிய வரையாட்டின் புகலிடம் அது. 1982இல் சரணாலயமாகவும், 1990இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. அங்கே இயற்கை அமைத்த ஒழுங்கு எளியது: பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. இரண்டும் சேர்ந்து மழைநீரை உறிஞ்சி வைத்து, ஓடைகளில் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. நீலகிரியில் பிறக்கும் பைக்காராவும் பவானியும் இறுதியில் காவிரியில் கலக்கின்றன. அந்தக் காவிரி நீர்தான் 2004 முதல் வீராணம் வழியாகச் சென்னைக்கும் வருகிறது. எனவே எங்கோ இருக்கும் புல்லுக்கும் நம் ஊர்க் குடத்துக்கும் உறவு உண்டு!

ஆங்கிலேயர் அந்தப் புல்வெளியை 'வெறும் நிலம்' என்று கருதினர். விறகுக்காக அயல்நாட்டு மரங்களை நட்டனர். விடுதலைக்குப் பின் நம்மவரும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் மேலும் நட்டனர். சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து முளைக்கும். நடாத இடத்திலும் அது பரவிற்று, புல்வெளி சுருங்கிற்று. வரையாட்டின் மேய்ச்சல் நிலம் குறைந்தது. தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் அரிதாயிற்று. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகம் முழுவதிலும் இருந்த வரையாடுகள் 1,031 மட்டுமே.

இந்தக் கதை ராயபுரத்துப் பெண்களாகிய எங்களுக்குப் புதிதன்று. எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்று நிலத்தையும் 'வெறும் நிலம்' என்றுதானே எண்ணினார்கள்? அங்கே சாம்பல் படிந்தது, கழிவு கலந்தது. எங்களில் சிலருடைய தாத்தாக்கள் கையால் தடவி இறால் பிடித்த இடம் அது. இன்று அவர்களின் பிள்ளைகள் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

"வளர்ந்த மரத்தை வெட்டுவது பாவமல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லா மரங்களையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் வெயில் பட்ட மண்ணில் சீகையே மறுபடி முளைக்கும். தேசியப் பூங்காவுக்குள் படிப்படியாக அகற்ற வேண்டும். முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். மண்ணுக்குரிய புல்லை மீண்டும் வளர்க்க வேண்டும். அந்த வேலையையும், வெட்டிய விறகையும் மலைவாழ் மக்களுக்கே கொடுக்க வேண்டும்.

மலைக்குச் செய்யும் தீங்கு என்றதும் நம் நினைவுக்கு வருவது சுற்றுலாக் குப்பைதான். நாங்களும் அன்று பேருந்து சன்னல் வழியே பிஸ்கட் உறைகளை வீசினோம், வெட்கப்படுகிறோம். ஆனால் குப்பையை ஒரு நாளில் பொறுக்கிவிடலாம். நன்மை என்று நம்பிச் செய்த தவற்றைத் திருத்தவோ ஒரு தலைமுறை வேண்டும்.

ஆகவே தோழியரே, வரும் ஜூன் 5ஆம் நாளும் மரம் நடுவோம். ஆனால் குழி தோண்டுமுன், "இந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது?" என்று ஒரு கேள்வி கேட்போம். இறைவன் படைப்பில் வெறும் நிலம் என்று எதுவும் இல்லை. அதைப் பார்க்கத் தெரியாத கண்கள்தாம் உண்டு.